கொற்கையும் 8080-ம்: போர்ட் எண்கள் பிறந்த கதை

தூத்துக்குடியில் கப்பலேறும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஷிப்பிங் பில் உண்டு. பி.காம். படிப்பவர்கள் பாடத்தில் பார்த்திருப்பார்கள். அதில் துறைமுகத்துக்கு ஒரு குறியீடு இருக்கும்: ஐ.என்.டி.யு.டி.1. முதல் இரண்டு எழுத்து இந்தியாவைக் குறிக்கும். அடுத்த மூன்று எழுத்து, ஆங்கிலேயர் வாயில் 'டூட்டிகோரின்' ஆகிப்போன தூத்துக்குடி. கடைசியில் வரும் 1, கடல் வழி என்று அர்த்தம். விமான நிலையமாக இருந்தால் அங்கே 4 வரும்.

2011-ல் துறைமுகத்தின் பெயர் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று மாறியது. குறியீடு மாறவில்லை. சென்னைக்கும் இதே கதைதான். மெட்ராஸ் சென்னை ஆனது 1996-ல். விமான டிக்கெட்டில் இன்றும் 'எம்.ஏ.ஏ.' என்றுதான் இருக்கிறது. ஒரு குறியீடு பழக்கத்துக்கு வந்துவிட்டால், அது பிறந்த காரணம் போனாலும் அது போகாது.

கம்ப்யூட்டருக்கும் போர்ட் உண்டு, அதற்கும் எண் உண்டு. புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் எவரும் முதல் வாரத்திலேயே பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:8080' என்றோ, 3000 என்றோ, 5000 என்றோ தட்டியிருப்பார்கள். ஏன் 8080? ஏன் 3000? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. புத்தகத்தில் அப்படி இருந்தது, அப்படியே தட்டியாயிற்று. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கொற்கை வரை ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது.

கேட்காமலே தெரிந்த இடம்

2000 வருடங்களுக்கு முன்பு கொற்கைக்கு எந்தக் குறியீடும் தேவைப்படவில்லை. முத்து வேண்டுமென்றால் கொற்கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில் 'கொல்கோய்' என்ற பெயரில் இந்த ஊர் வருகிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். எகிப்திலிருந்து வந்த வியாபாரிக்கும் பாண்டிய நாட்டு வியாபாரிக்கும் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருவருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும்.

பிறகு தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. கொற்கைத் துறை தூர்ந்தது. வியாபாரம் கொஞ்சம் தள்ளிக் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காயலைப் பற்றித்தான் எழுதினார். அதுவும் தூர்ந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. இன்று கொற்கை கடற்கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம்.

கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பது ஒன்று. அந்த இடம் அடைபட்டால் பக்கத்திலேயே இன்னொரு இடம் தேடிக்கொள்வது இன்னொன்று. கம்ப்யூட்டர் போர்ட் எண்களின் வரலாறு முழுக்க இந்த இரண்டும்தான்.

ஒரு முகவரி, 65,536 கதவுகள்

ஒரு கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைப் பெரிய கட்டடத்தின் முகவரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டடத்துக்குள் பல ஆபீஸ்கள் இருக்கின்றன. ஒன்றில் வெப் சர்வர், ஒன்றில் மெயில், ஒன்றில் டேட்டாபேஸ். வருகிற செய்தி எந்த ஆபீஸுக்கு என்று சொல்லும் கதவு எண்தான் போர்ட். அதற்கு 16 பிட் ஒதுக்கியிருப்பதால் 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு.

ஒரு கதவில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் உட்கார முடியும் என்பது பொதுவான விதி. ஏற்கெனவே ஆள் இருக்கும் கதவை இன்னொன்று கேட்டால், 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று எரர் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் காட்ட வேண்டிய புராஜெக்ட்டை ஓடவிடும்போதுதான் அது பெரும்பாலும் வரும்!

எந்த ஆபீஸ் எந்தக் கதவில் என்பதை யார் முடிவு செய்வது? 1972 மே மாதம், கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் போஸ்டல், ஆர்.எஃப்.சி. 349 என்ற சிறு குறிப்பை எழுதினார். எண்களைப் பங்கிட்டுத் தர ஓர் ஆள் வேண்டும், அது தானாகவே இருக்கலாமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருந்தார். கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. 1998-ல் அவர் இறக்கும்வரை இணைய எண்களின் கணக்குப்பிள்ளை அவர்தான். அந்த வேலைக்குப் பின்னாளில் வந்த பெயர்தான் ஐயானா.

பழைய எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. எஃப்.டி.பி. 21, டெல்நெட் 23, மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. 25. எல்லாம் ஒற்றைப்படை. அந்தக் காலத்து என்.சி.பி. முறையில் ஓர் இணைப்பு ஒரு திசையில் மட்டுமே போகும். போக ஒன்று, வர ஒன்று என்று எண்கள் ஜோடியாகத் தேவைப்பட்டன. 1983 ஜனவரி 1 அன்று இணையம் டி.சி.பி.க்கு மாறியது. அதில் ஓர் எண்ணே போதும். இரட்டைப்படை எண்கள் பல காலியாகவே கிடந்தன. 1995 ஜூலையில், ஃபின்லாந்தில் எஸ்.எஸ்.ஹெச். எழுதிய டாட்டு யூலோனென் 21-க்கும் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு ஐயானாவுக்கு மெயில் அனுப்பினார். மறுநாளே கிடைத்துவிட்டது. இன்று உலகம் முழுக்க சர்வர்களைத் திறக்கும் அந்தக் கதவின் எண் பழைய ஒரு முறையின் மிச்சம்.

வெப்புக்கு 80 வந்ததும் இதே காலத்தில்தான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் எழுதிய முதல் ஹெச்.டி.டி.பி. குறிப்பிலேயே, போர்ட் சொல்லப்படாவிட்டால் 80 என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. 1992 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1340 பட்டியலில் 80-க்கு நேராக வெப் ஏறியது. அதனால்தான் தளத்தின் பெயரை மட்டும் தட்டினால் போதும், கதவு எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பான ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு 443. வெப்புக்கு இந்த இரண்டும்தான் கொற்கை.

அனுமதி இல்லாதவர்களின் கதவு

சரி, 80 இருக்கும்போது 8080 எதற்கு?

1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி யூனிக்ஸில் ஒரு விதி வந்தது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களில் 'ரூட்' என்ற நிர்வாகி மட்டும்தான் சர்வர் ஓட்டலாம். அப்போது கம்ப்யூட்டர் என்பது பல்கலைக்கழகத்தில் நூறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பெரிய இயந்திரம். எந்த மாணவர் வேண்டுமானாலும் 23-ல் உட்கார்ந்துகொண்டு, 'நான்தான் டெல்நெட், பாஸ்வேர்டைக் கொடு' என்று கேட்டால் என்ன ஆகும்? சின்ன எண்ணிலிருந்து வரும் இணைப்பு என்றால் நிர்வாகி ஒப்புதலோடு வருவது என்று மறுமுனையில் இருந்த இயந்திரங்களும் நம்பின. அந்த நம்பிக்கையைக் காக்கத்தான் இந்த வேலி.

1990-களில் வெப் வந்தது. சொந்தமாக ஒரு வெப் சர்வர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களில் பலர் மாணவர்கள். அவர்களிடம் ரூட் பாஸ்வேர்டு கிடையாது. 80 அவர்களுக்கு மூடிய கதவு. 1024-க்கு மேலே எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் 80 ஞாபகத்துக்கு வர வேண்டும். 8000, 8001, 8008, 8080, 8888 எல்லாம் அப்படிப் புழக்கத்துக்கு வந்தவை. 8080 என்பது 80-ஐ இரண்டு முறை எழுதியதுதான். பின்னாளில் 8008-ம் 8080-ம் 'மாற்று ஹெச்.டி.டி.பி.' என்று ஐயானா பட்டியலிலேயே ஏறின. ஜாவா உலகத்தின் டாம்கேட் சர்வர் 8080-ஐத் தன் வழக்கமான எண்ணாக வைத்துக்கொண்டது. அதோடு 8080 பாடப்புத்தகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

ஆக, டெவலப்மெண்ட் சர்வர் என்பது பிறப்பிலேயே அனுமதி இல்லாதவர்களுடையது. 80-ல் கடை போட முடியாதவர்கள் தெருமுனையில் போட்ட கடை அது. யாரையும் கேட்காமல் தொடங்கலாம், தப்பாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. வேலி போட்டவர்களே வேலிக்கு வெளியே 64,000-க்கும் மேற்பட்ட கதவுகளைத் திறந்து வைத்ததால்தான் இது முடிந்தது.

ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம்

2000-களில் வெப் ஃபிரேம்வொர்க்குகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் பரீட்சித்துப் பார்க்க ஒரு குட்டி சர்வரையும் சேர்த்தே கொடுத்தது. 2004-ல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் 3000-ல் உட்கார்ந்தது. 2005-ல் வெளியான ஜாங்கோ 8000-ஐ எடுத்தது. பைத்தானோடு வரும் எளிய வெப் சர்வரும் 8000 தான். 2010-ல் வந்த ஃபிளாஸ்க் 5000. ஜூப்பிட்டர் நோட்புக் 8888. ஆங்குலர் 4200. நோட் எக்ஸ்பிரஸ் பாடங்களும், 2016-ல் வந்த கிரியேட் ரியாக்ட் ஆப்பும் ரெயில்ஸ் போலவே 3000.

இந்த எண்களில் எந்தக் கணித ரகசியமும் இல்லை. 1024-க்கு மேலே இருக்க வேண்டும், ஞாபகம் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு மோதக்கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். நாளடைவில் எண்ணே அடையாளம் ஆகிவிடுகிறது. 5432 என்றால் போஸ்ட்கிரெஸ், 3306 என்றால் மைஎஸ்கியூஎல் என்று வேலை செய்கிறவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள்.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய சென்னை நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் கம்பெனிகளின் சொந்த சர்வர்களில் நிறுவப்படுபவை. சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸுக்கு வழக்கமான எண் 8080. ஏடி ஆடிட் பிளஸ்ஸுக்கு 8081. ஈவென்ட்லாக் அனலைசருக்கு 8400, அப்ளிகேஷன்ஸ் மேனேஜருக்கு 9090, பாஸ்வேர்டு மேனேஜர் புரோவுக்கு 7272. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு அறை. ஒரே சர்வரில் இரண்டை நிறுவினாலும் சண்டை வராது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான எண் ஒன்று உண்டு: 9000. டேலி மென்பொருளோடு வேறொரு புரோகிராம் பேச வேண்டும் என்றால், எக்ஸெல்லுக்குக் கணக்கை இழுக்க வேண்டும் என்றால், வழக்கமாகத் தட்டப்படும் கதவு அதுதான். டேலி இ.ஆர்.பி. 9 காலத்திலும் 9000, டேலிபிரைம் வந்த பிறகும் 9000. கணக்கு எழுதும் எத்தனையோ கம்ப்யூட்டர்களில், அந்த எண்ணைப் பார்த்தே இராதவர்களின் மேசையில், அது இருக்கிறது.

துறை தூர்ந்தால்

ஒரே எண்ணை எல்லோரும் பிடித்தால் தூர்ந்துபோகும். எக்ஸ்.ஏ.எம்.பி.பி. நிறுவி பி.ஹெச்.பி. படித்த தலைமுறைக்கு ஒரு பழைய தலைவலி ஞாபகம் இருக்கும். அப்பாச்சி கிளம்பாது. காரணம் தேடினால், அந்தக் கால ஸ்கைப் 80-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்கைப்பை மூடு, அல்லது அப்பாச்சியை 8080-க்கு மாற்று. கொற்கை தூர்ந்தால் காயல்!

2021-ல் இதேபோல் இன்னொன்று நடந்தது. ஆப்பிளின் மேக் ஓ.எஸ். மான்டரே பதிப்பில் ஏர்பிளே வசதி 5000-ல் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து வருடங்களாக எல்லா ஃபிளாஸ்க் பாடங்களிலும் இருந்த எண் அது. பாடத்தில் சொன்னபடியே செய்த மாணவர்களுக்கு பக்கம் வரவில்லை. அவர்கள் கோடில் தவறு எதுவும் இல்லை. வேறு ஒருவர் துறையில் நங்கூரம் பாய்ச்சிவிட்டார், அவ்வளவுதான்.

வைட் என்ற கருவி எடுத்த வழி ரசிக்கத்தக்கது. அதுவும் முதலில் 3000-ல்தான் இருந்தது. அங்கே ஏற்கெனவே கூட்டம். 2022 ஜூலையில் வந்த மூன்றாம் பதிப்பில் 5173-க்கு நகர்ந்தது. ஏன் அந்த எண்? ரோமன் எண்ணில் 5 என்பது 'வி' எழுத்து. 1 'ஐ' போல இருக்கும், 7 'டி' போல இருக்கும், 3 திருப்பிப் போட்ட 'ஈ' போல இருக்கும். சேர்த்துப் படித்தால் கருவியின் பெயரே வந்துவிடும்!

இஷ்டப்பட்ட எண்ணை எடுக்கலாம் என்று 6000-ல் சர்வரை ஓட்டினால் குரோம் திறக்க மறுக்கும். 6000 என்பது யூனிக்ஸின் எக்ஸ் விண்டோ முறைக்கு உரியது. வெப் பக்கம் என்ற போர்வையில் வேறு சேவையிடம் யாரும் பேசிவிடக்கூடாது என்று பிரவுசர்கள் சில எண்களைத் தடுத்து வைத்திருக்கின்றன. காலியாகத் தெரியும் துறையிலும் நீருக்கடியில் பாறை இருக்கலாம்.

திருடனுக்கும் தெரிந்த வாசல்

கேட்காமலே தெரிந்த இடம் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வியாபாரிக்குத் தெரிந்தது கொள்ளைக்காரனுக்கும் தெரியும்.

மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் வழக்கமான எண் 27017. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களைச் சிலர் அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். அவர்கள் ஒவ்வொரு இயந்திரத்திலும் 65,536 கதவுகளைத் தட்டத் தேவையில்லை. ஒரே கதவைத் தட்டினால் போதும். அதே வருடக் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மோங்கோடிபி, நிறுவியவுடன் சொந்த இயந்திரத்துக்குள் மட்டுமே கேட்கும்படி மாற்றப்பட்டது.

டெவலப்மெண்ட் சர்வரிலும் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். 127.0.0.1 என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். 0.0.0.0 என்றால் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் எல்லோரும் பார்க்கலாம். எண் என்ன என்பதைவிட, கதவு எந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். 8080-ஐ 8097 என்று மாற்றிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பது, வீட்டுக்குப் பூட்டுப் போடாமல் கதவு எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது போல.

காரணம் போன பிறகும்

1024 விதி இன்று பல இடங்களில் அர்த்தம் இழந்துவிட்டது. ஆளுக்கொரு லேப்டாப் இருக்கும் காலத்தில், அதன் சொந்தக்காரரே நிர்வாகி. 2017-ல் லினக்ஸ் 4.11 அந்த எல்லையை மாற்றி அமைத்துக்கொள்ள வழி கொடுத்தது. 2018-ல் மேக் ஓ.எஸ். மொஹாவே அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. வேலி விழுந்தது. ஆனாலும் யாரும் பாடங்களில் 8080-ஐ 80 என்று திருத்தவில்லை.

அதைவிட வேடிக்கை, 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் 8 வந்தபோது, கன்டெய்னர்களில் அதன் வழக்கமான எண் 80-லிருந்து 8080-க்கு மாறியது. ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடுவதுதான் பாதுகாப்பு என்று முடிவு செய்ததே காரணம். ரூட் கிடைக்காத மாணவர்கள் வேறு வழியின்றி ஒதுங்கிய இடத்துக்கு, ரூட் வைத்திருப்பவர்கள் இப்போது விரும்பி வருகிறார்கள். நிர்ப்பந்தமாகத் தொடங்கிய பழக்கம் நல்ல பழக்கமாக முடிந்திருக்கிறது.

கொற்கையில் இன்று கப்பல் இல்லை. முத்துக்காக யாரும் அங்கே வருவதில்லை. ஆனால் கொற்கையிலிருந்து காயல், காயலிலிருந்து தூத்துக்குடி என்று துறை நகர்ந்து நகர்ந்துதான் ஐ.என்.டி.யு.டி.1 வந்தது. அடுத்த முறை பிரவுசரில் 8080 என்று தட்டும்போது, அதுவும் அப்படி ஒரு காயல் என்பது ஞாபகத்துக்கு வரட்டும். 80-ல் இடம் கிடைக்காதவர்கள் பக்கத்திலேயே கட்டிக்கொண்ட துறை அது.